துணைக்கு ஆள் உண்டு... காற்று உண்டா?

கோவளத்துக் கடலில் இப்படி ஒரு காட்சியை வைத்துக்கொள்வோம். ஞாயிற்றுக்கிழமை காலை, படகிலிருந்து இருவர் இறங்குகிறார்கள். 18 மீட்டர் ஆழம். தலைக்கு மேல் ஆறு மாடி உயரத்துக்குத் தண்ணீர். முந்தைய நாள் மழையில் முகத்துவாரத்துச் சேறு கடலில் கலந்திருப்பதால் நீட்டிய கையின் விரல்கள் மங்கலாகத்தான் தெரிகின்றன. பாறை இடுக்கில் ஒளிந்த மீனைப் பார்க்க ஒருவர் அரை நிமிடம் நிற்கிறார். நிமிர்ந்தால் மற்றவரைக் காணோம். மேலே அண்ணாந்தால் குமிழிகூட இல்லை. சுற்றிச் சுற்றித் தேடுகிறார். தேடத் தேட மூச்சு வாங்குகிறது. பிரஷர் கேஜைத் திருப்பிப் பார்க்கும்போது முள் சிவப்புப் பட்டைக்குள் எப்போதோ போய்விட்டது. அடுத்த இழுப்பு கனத்து வருகிறது. அதற்கடுத்தது வரவே இல்லை. பயிற்சி வகுப்பில் இதற்கு விடை சொல்லித் தந்திருக்கிறார்கள்: ஜோடியிடம் நீந்திப் போ, அவருடைய காற்றை வாங்கிக்கொள். ஜோடி எங்கே?

படகு ஏறும்போது அவர் தனி ஆள் இல்லை. பதிவேட்டில் இரண்டு பெயர்கள் இருக்கின்றன. ஆனால் காற்று தேவைப்பட்ட நிமிடத்தில் தனி ஆள்தான். தனியாக மூழ்கலாமா, கூடாதா என்று ஸ்கூபா உலகம் பல ஆண்டுகளாகச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறது. அந்தச் சண்டையில் பெரும்பகுதி வீண் என்பதே இந்தக் கட்டுரையின் கட்சி. எத்தனை பேர் சேர்ந்து இறங்கினார்கள் என்பதைவிட, கீழே இருக்கும் ஒவ்வொருவரிடமும், வேறு யாரையும் நம்பாமல் மேலே வந்து சேரும் அளவுக்குத் தனிக் காற்று இருக்கிறதா என்பதுதான் உயிரோடு தொடர்புடைய கேள்வி. இதைக் கடலுக்கு மட்டும் கேட்டு நிறுத்திக்கொள்ள முடியாது. கல்குவாரிக் குட்டைக்கும் கழிவுநீர்த் தொட்டிக்கும் சேர்த்துத்தான் கேட்க வேண்டும்.

சென்னைப் புறநகரான பெரும்பாக்கத்திலிருந்து பார்த்தால் இந்த மூன்றும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. சோழிங்கநல்லூரைத் தாண்டினால் கிழக்குக் கடற்கரைச் சாலை. வார விடுமுறைக்கு ஸ்கூபா கற்றுக்கொள்ளும் ஐ.டி. இளைஞர்கள் அந்தச் சாலையில்தான் கோவளத்துக்கும் புதுச்சேரிக்கும் போகிறார்கள். மேற்கே நன்மங்கலம், திரிசூலம், பல்லாவரம் பக்கம் கைவிடப்பட்ட கல்குவாரிகளில் தண்ணீர் தேங்கிக் கிடக்கிறது. பெரும்பாக்கத்தின் மாடிக் குடியிருப்புகளில், ஆற்றோரங்களிலிருந்து இடம்பெயர்த்துக் கொண்டுவரப்பட்ட குடும்பங்கள்; அவர்களில் துப்புரவு வேலைக்குப் போகிறவர்கள் பலர். வடக்கே சற்றுத் தொலைவில், பள்ளிக்கரணையில், தேசிய கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம். அங்கே உருவாகும் மத்ஸ்யா 6000 என்ற நீர்மூழ்கிக் கலம் மூன்று பேரை 6000 மீட்டர் ஆழத்துக்கு இறக்கப்போகிறது. 2.1 மீட்டர் விட்டமுள்ள டைட்டானியக் கோளத்துக்குள் அவர்கள் வேலை செய்யப்போவது 12 மணி நேரம். ஏதாவது ஆகிவிட்டால் உயிர் தாங்க வைத்திருக்கும் ஏற்பாடு 96 மணி நேரத்துக்கு. வேலைக்கு வேண்டியதைப்போல் எட்டு மடங்கு!

ஒரே தொட்டி, இரண்டு குழாய்

ஸ்கூபா பயிற்சியின் அடித்தளமே ஜோடி முறைதான். இருவர் சேர்ந்து இறங்க வேண்டும், ஒருவர் கண்ணிலிருந்து ஒருவர் மறையக்கூடாது, ஒருவருக்குக் காற்று தீர்ந்தால் மற்றவர் தர வேண்டும். தருவதற்காகவே ஒவ்வொருவரின் ரெகுலேட்டரிலும் மஞ்சள் நிறத்தில் இன்னொரு வாய்க்கருவி தொங்கும். ஆக்டோபஸ் என்பார்கள். புதிதாகக் கற்பவர்களில் பலர் இதைத் தங்களுக்கான மாற்று ஏற்பாடு என்று நினைத்துக்கொள்கிறார்கள். அது அடுத்தவருக்கானது. மொட்டை மாடித் தொட்டி ஒன்றே ஒன்று. அதிலிருந்து சமையலறைக்கு ஒரு குழாய், குளியலறைக்கு ஒரு குழாய். தொட்டி காய்ந்தால் எந்தக் குழாயைத் திருகி என்ன பயன்? சிலிண்டர் காலியானாலும், அதன் வாயிலிருக்கும் முதல் நிலை ரெகுலேட்டர் பழுதானாலும், இரண்டு வாய்க்கருவிகளும் சேர்ந்தே ஊமையாகிவிடும்.

ஒரே கலத்தை நம்பும் இந்தத் தவறுக்கு ஒரு வரலாறும் உண்டு. 1943-ல் ழாக் கூஸ்தோவும் எமில் கான்யானும் அக்வாலங் என்ற மூச்சுக்கருவியை உருவாக்கியதற்குப் பிந்தைய ஆண்டுகளில் மூழ்குபவர்களிடம் அழுத்தத்தைக் காட்டும் கேஜ் பெரும்பாலும் இல்லை. அதற்குப் பதிலாக ஜே-வால்வு என்று ஒன்று இருந்தது. சிலிண்டரில் காற்று குறைந்ததும் ஒரு ஸ்பிரிங் வழியை அடைக்கும், மூச்சு இறுகும், முதுகுப் பக்கம் கம்பியைக் கீழே இழுத்தால் மிச்சக் காற்று வரும். அந்தக் கம்பி எங்காவது உரசி முன்பே கீழே இறங்கியிருந்தால் மிச்சமும் சத்தமில்லாமல் செலவாகியிருக்கும். அவசரத்துக்கு என்று ஒதுக்கிய காற்று அன்றாடக் காற்றோடு ஒரே கலத்தில் இருக்கும்வரை, ஒதுக்கினோம் என்பது மனக்கணக்குதான்.

கடலில் மூழ்குபவர்களுக்கான அமெரிக்கப் பாதுகாப்பு அமைப்பான டான், 1992 முதல் 2003 வரை பொழுதுபோக்கு ஸ்கூபாவில் நிகழ்ந்த 947 மரணங்களை ஆராய்ந்து 2008-ல் முடிவை வெளியிட்டது. சாவுக்கு இட்டுச் சென்ற முதல் சிக்கல் எது என்று கண்டறிய முடிந்தவற்றில் 41 சதவீதம் காற்றுப் பற்றாக்குறை. எங்காவது மாட்டிக்கொண்டது 20 சதவீதம். கருவிக் கோளாறு 15 சதவீதம். மூன்றுக்கும் தனிக் காற்று நேரடி மருந்தோ, குறைந்தபட்சம் அவகாசமோ ஆகும். அந்த 947 பேரும் துணையில்லாமல் இறங்கியவர்கள் அல்லர் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஜோடி முறையைப் போதிக்கும் அமைப்புகளில் பயின்று, ஜோடியோடு இறங்கி, கீழே பிரிந்துபோனவர்களும் அந்தப் பட்டியலில் இருக்கிறார்கள்.

---
பெட்டிச் செய்தி: எவ்வளவு காற்று போதும்?

● தண்ணீரில் 10 மீட்டருக்கு ஒருமுறை அழுத்தம் ஒரு பார் கூடும். மேற்பரப்பில் உள்ள ஒரு பாரையும் சேர்த்தால் 30 மீட்டரில் 4 பார். மேலே ஒரு லிட்டர் இழுக்கும் மூச்சுக்கு அங்கே நான்கு லிட்டர் செலவு.

● நிதானமான மூச்சு நிமிடத்துக்குச் சுமார் 20 லிட்டர். பதற்றத்தில் 40 லிட்டர் என்று கணக்கிடுவது பாதுகாப்பு.

● 30 மீட்டரில் சிக்கலைச் சமாளிக்க ஒரு நிமிடம்: 160 லிட்டர். நிமிடத்துக்கு 9 மீட்டர் வேகத்தில் 5 மீட்டர் ஆழம் வரை ஏற: சுமார் 300. அங்கே மூன்று நிமிட நிறுத்தம்: 180. மேற்பரப்புவரை: 25. மொத்தம் 650 லிட்டருக்கு மேல்.

● 3 கன அடி குட்டிச் சிலிண்டர்: சுமார் 85 லிட்டர். 30 மீட்டரில் பதறும் ஆளுக்கு அரை நிமிடம்.

● 19 கன அடி போனி பாட்டில் (தனி ரெகுலேட்டருள்ள மாற்றுச் சிலிண்டர்): சுமார் 540 லிட்டர். 18 மீட்டருக்குத் தாராளம், 30 மீட்டருக்குப் பற்றாது.

● 30 கன அடி: சுமார் 850 லிட்டர். 30 மீட்டருக்கு இதுவே சரி.
---

ஜோடி வேண்டாம் என்பவர்கள்

ஸ்கூபாவில் தனிக் காற்று என்றால் பெரும்பாலும் போனி பாட்டில்தான். பெரிய சிலிண்டரோடு சேர்த்தோ, விலாப் பக்கம் கொக்கி மாட்டியோ ஒரு சிறு சிலிண்டர். அதற்கென்று தனி ரெகுலேட்டர், தனி கேஜ். அது முழுக்க முழுக்க இன்னொரு மூச்சுவழி. குகைக்குள் மூழ்குபவர்கள் இதில் முன்னோடிகள். அமெரிக்கக் குகை மூழ்குநர் ஷெக் எக்ஸ்லி 1979-ல் விபத்துகளை அலசி எழுதிய கையேடு, காற்றில் மூன்றில் ஒரு பங்கு உள்ளே போக, ஒரு பங்கு திரும்பி வர, ஒரு பங்கு தொடாமல் வைக்க என்ற விதியைப் பரப்பியது. குகையில் தலைக்கு மேல் பாறை; நினைத்தவுடன் மேலே வர முடியாது. அதனால் அவர்கள் காற்றைப் பற்றிக் கறாராக யோசித்தார்கள்.

திறந்த கடலில் தனியாக மூழ்குவதைப் பயிற்சி நிறுவனங்கள் நெடுங்காலம் பேசக்கூட மறுத்தன. பிறகு எஸ்.டி.ஐ. என்ற பயிற்சி நிறுவனம் தனி மூழ்கலுக்கென்றே வகுப்பு தொடங்கியது. உலகின் மிகப் பெரிய பயிற்சி நிறுவனமான பி.ஏ.டி.ஐ. 2011-ல் 'தற்சார்பு மூழ்குநர்' என்ற பெயரில் அதையே கொண்டுவந்தது. பெயர் வைத்ததில் கொஞ்சம் வக்கீல் புத்தி தெரிகிறது. தனியாகப் போ என்று சொல்லாமல், தனியாக இருக்க நேர்ந்தால் என்று சொல்லிவிட்டார்கள். இரண்டிலும் சேர 100 முறையாவது மூழ்கியிருக்க வேண்டும். இரண்டிலும் தனிக் காற்று கட்டாயம். தங்கள் மூச்சின் செலவை நிமிடத்துக்கு இத்தனை லிட்டர் என்று அளந்து எழுதிவைக்காமல் யாரும் இந்த வகுப்பில் தேற முடியாது.

உண்மையில் தனியாக மூழ்குபவர்கள் நம் கண்முன்னே நிறையப் பேர். இதுவரை மூழ்கியே அறியாத ஒருவரைக் கைபிடித்துக் கூட்டிப்போகும் பயிற்றுநரைப் பாருங்கள். அவருடைய காற்று தீர்ந்தால் அந்தப் புதியவரா அவரைக் காப்பாற்றப் போகிறார்? நீருக்கடியில் படம் எடுப்பவர் கேமராவிலிருந்து கண்ணை எடுப்பதே இல்லை. அவருடைய ஜோடி பெயருக்கு ஜோடி. பவளத்திட்டுகளை அளக்கும் ஆய்வாளர் ஒரு கோட்டின் இந்த முனையில், துணைவர் அந்த முனையில். இவர்கள் எல்லோரையும் 'ஜோடி' என்று பதிந்துகொண்டு மாற்றுக் காற்று தேவையில்லை என்று விட்டுவிடுவது, தனியாக மூழ்காதே என்ற விதி நமக்குத் தந்த பக்கவிளைவு.

கல்லும் கயிறும்

இந்தக் கரைக்கு மூழ்குவது ஒன்றும் புதிதல்ல. மன்னார் வளைகுடாவில் முத்துக் குளித்தவர்கள் கல்லின் கனத்தில் இறங்கினார்கள். இருவருக்கு ஒரு கல். ஒருவர் கீழே இருக்கும்போது மற்றவர் தோணியில் இளைப்பாறுவார். மூச்சடக்கும் நேரம் ஒரு நிமிடம், மிஞ்சினால் இன்னும் கொஞ்சம். கயிறு அசைந்ததும் தோணியில் நிற்பவர் இழுத்தாக வேண்டும். அந்தக் கயிற்றைப் பிடிக்க மச்சானைத்தான் நிறுத்துவார்கள், தங்கச்சி தாலிக்காகவாவது அவன் அசர மாட்டான் என்று கடற்கரையில் சொல்வதுண்டு. சுறா வராமல் மந்திரத்தால் கட்டிவைக்கக் கடல்கட்டி என்றொருவரும் கரையில் இருப்பார். பிரிட்டிஷ் நிர்வாகமே இலங்கை முத்துக்குளிப்பில் அவருக்குச் சம்பளம் கொடுத்தது. பாதுகாப்பு ஏற்பாடு என்ற பெயரில் நடக்கும் இன்றைய சில சடங்குகளைப் பார்க்கையில் கடல்கட்டி அவ்வளவு மோசமில்லை. தூத்துக்குடியில் கடைசி முத்துக்குளிப்பு 1961-ல் நடந்தது.

மச்சான் எங்கே நின்றார் என்பதைக் கவனிக்க வேண்டும். கீழே அல்ல. மேலே, காற்று உள்ள இடத்தில். அவருடைய மூச்சுக்கு எந்தக் குறையும் இல்லை என்பதால்தான் அவரால் இழுக்க முடிந்தது. ஸ்கூபா வந்ததும் கயிறு போயிற்று; மச்சானும் தண்ணீருக்குள் இறங்கிவிட்டார், அதுவும் அதே அளவு காற்றோடு. இருவரும் ஒரே நேரத்தில், ஒரே ஆழத்தில், ஏறத்தாழ ஒரே வேகத்தில் செலவழித்துக்கொண்டிருக்கும்போது, ஒருவருக்குத் தீரும் நேரத்தில் மற்றவரிடம் இருவருக்குப் போதுமானது இருக்கும் என்பது நல்ல நம்பிக்கை. கணக்கு அல்ல.

இந்தப் பாடத்தை மறக்காதவர்கள் மீட்பு மூழ்குநர்கள். புறநகர்க் குவாரிகளில் குளிக்கப் போய் மூழ்கியவர்களைத் தேடும் வேலை தீயணைப்புத் துறைக்கு வாடிக்கையான ஒன்று. குவாரித் தண்ணீர் ஏமாற்றும். கரையிலிருந்து இரண்டடியில் செங்குத்தாக இறங்கும். அடியில் பாறை விளிம்பு, பழைய கம்பி, முள்மரம், பிளாஸ்டிக் வலை. சேறு கிளம்பினால் விளக்கும் உதவாது. இப்படிப்பட்ட இடங்களில் இருவரைச் சேர்த்து இறக்கினால் ஒருவர் கயிற்றில் ஒருவர் சிக்குவார். அதனால் பல நாடுகளின் மீட்புப் பயிற்சியில் ஒரே ஒருவரைத்தான் இறக்கச் சொல்கிறார்கள். அவர் இடுப்பில் கயிறு, கரையில் அதைப் பிடிப்பவர், பக்கத்தில் முழு உடையோடு தயாராக உட்கார்ந்திருக்கும் இன்னொரு மூழ்குநர், இறங்கியவரின் விலாவில் போனி பாட்டில். மச்சான் மறுபடி மேலே வந்துவிட்டார். தனியாக மூழ்குவது ஆபத்தானது என்று சொல்பவர்கள், ஆபத்து மிகுந்த தண்ணீரில் தனியாக மூழ்குவதே விதியாக இருப்பதற்கு என்ன சொல்வார்கள்?

2018-ல் தாய்லாந்தின் தாம் லுவாங் குகையில் 12 சிறுவர்களும் அவர்களுடைய பயிற்றுநரும் சிக்கியபோது உலகமே மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது. அந்த மீட்பில் ஜூலை 6 அன்று, முன்னாள் கடற்படை வீரர் சமன் குணன் இறந்தார். சிறுவர்களின் பாதையில் காற்றுச் சிலிண்டர்களை வைத்துவிட்டுத் திரும்பும் வழியில் காற்றுப் பற்றாமல் நினைவிழந்தார் என்று அதிகாரிகள் அப்போது தெரிவித்தனர். அவர் தனியாகப் போகவில்லை. ஜோடி கூடவே இருந்தார், இழுத்துக்கொண்டு வந்தார், முதலுதவி செய்து பார்த்தார். பிழைக்கவில்லை. திறமைக்கோ துணிவுக்கோ துணைக்கோ அங்கே குறைவே இல்லை.

தரையில் மூழ்குபவர்கள்

இதுவரை சொன்னது விருப்பத்தோடு இறங்குபவர்களின் கதை. காற்றில்லாத இடத்தில் இறங்குவதை நம் ஊரில் தொழிலாகத் திணித்திருக்கும் இடம் கழிவுநீர்த் தொட்டியும் பாதாளச் சாக்கடையும். 'விஷவாயு தாக்கி மூவர் பலி' என்ற செய்தியை ஒருமுறை நிதானமாகப் படித்தால் அதற்குள் ஒரே வரிசை தெரியும். முதலில் ஒருவர் இறங்குகிறார், மயங்குகிறார். அவரைத் தூக்க இரண்டாமவர் இறங்குகிறார். இருவரையும் காணாமல் மூன்றாமவர் எட்டிப் பார்க்கிறார். முதல் சாவுக்குக் காரணம் வாயு. அடுத்த சாவுகளுக்குக் காரணம், தனிக் காற்று இல்லாத துணை. ஹைட்ரஜன் சல்பைடு சற்று அதிகமானால் முதலில் மூக்கின் உணர்வையே கொன்றுவிடும். அழுகிய முட்டை நாற்றம் போய்விட்டதே என்று ஆறுதல் கொள்ளும் நேரத்தில்தான் அது உச்சத்தில் இருக்கும். இறங்கியவரால் கையைக்கூட அசைக்க முடியாமல் போக நிமிடங்கள் தேவையில்லை. மேலே நிற்கும் நண்பன் ஓடிப்போய் உதவி கேட்பதற்குள் முடிந்துவிடுகிறது என்பதால்தான் அவனும் குதிக்கிறான். அவனை அவசரக்காரன் என்று குற்றம் சொல்வது கொடுமை. அவன் கைக்கெட்டும் தூரத்தில் எந்தக் கருவியும் வைக்காதவர்கள் வேறு யாரோ.

2013-ஆம் ஆண்டின் கையால் மலம் அள்ளுவோர் தடைச் சட்டம், பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் யாரையும் சாக்கடையிலோ தொட்டியிலோ இறக்குவதைக் குற்றமாக்கியது. 2014 மார்ச் 27 அன்று உச்ச நீதிமன்றம் இப்படி இறந்தவர்களின் குடும்பத்துக்குப் பத்து லட்சம் ரூபாய் தர உத்தரவிட்டது. 2023 அக்டோபர் 20 தீர்ப்பில் அது முப்பது லட்சம் ஆயிற்று. இழப்பீடு மூன்று மடங்கு ஆனதும் தேவையான ஒன்றுதான். ஆனால் முப்பது லட்சம் சாவுக்குப் பிறகு பேசும் தொகை. மனிதர் இறங்கவே தேவையில்லாதபடி இயந்திரத்தைக் கொண்டுவருவதே இதற்கு முதல் விடை, அதில் இரண்டாவது கருத்துக்கு இடமில்லை. அதுவரை யாராவது இறங்கும் ஒவ்வொரு தொட்டியின் வாயிலும், இறங்குபவருக்கு ஒரு மூச்சுக்கருவி, மேலே நிற்பவருக்கு இன்னொரு மூச்சுக்கருவி என்று இரண்டு இருந்தாக வேண்டும். தீயணைப்பு வீரர்கள் முதுகில் சுமக்கும் கருவியில் அழுத்தம் சுமார் 55 பாருக்கு இறங்கியதும் விசில் ஊதும். பள்ளிக்கரணையில் மூன்று பேருக்காக 96 மணி நேரக் காற்றைத் திட்டமிடத் தெரிந்த அரசுக்கு, சில கிலோமீட்டர் தள்ளி ஒருவருக்கு அரை மணி நேரக் காற்றைத் திட்டமிடத் தெரியாது என்று சொன்னால் யார் நம்புவார்கள்?

---
பெட்டிச் செய்தி: போனி பாட்டிலும் கைவிடும்

● மாற்று வாய்க்கருவியைத் தவறுதலாகக் கடித்துக்கொண்டு இறங்கினால் மாற்றுக் காற்றுதான் முதலில் தீரும். நிறம் மாற்றி, கழுத்துப் பட்டையில் தனியாகத் தொங்கவிடுவது வழக்கம்.

● வால்வைத் திறக்காமலே மாட்டிக்கொண்டு போவதும் நடக்கிறது. திறந்து, மூச்சிழுத்துப் பார்த்து, கேஜைப் படித்த பிறகே இறங்க வேண்டும்.

● முதுகுப் பக்கம் கட்டினால் கசிவு கண்ணுக்குத் தெரியாது, கையும் எட்டாது.

● கண்ணை மூடிக்கொண்டு மாற்று வாய்க்கருவியைத் தேடி எடுக்கும் பழக்கம் இல்லையென்றால், பாட்டில் வெறும் சுமை.
---

எதிர்க் கேள்விகள்

மாற்றுக் காற்றைக் கொடுத்தால் ஆட்கள் துணிந்து தனியாகப் போவார்கள் என்பது முதல் ஆட்சேபம். இதை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. போனி பாட்டிலைக் கணக்கில் சேர்த்துக்கொண்டு இன்னும் பத்து நிமிடம் கீழே இருப்பவர்கள் உண்டு. அப்படிச் செய்யும் கணத்தில் அது மாற்று என்ற தகுதியை இழக்கிறது. ஆனால் இதற்கான தீர்வு பயிற்சியில் இருக்கிறது, பாட்டிலை மறுப்பதில் இல்லை. தனி மூழ்கலுக்கு 100 முறை அனுபவம் கேட்பதும் இதனால்தான். பத்து முறை மூழ்கியவருக்குப் போனி பாட்டில் தனியாகப் போகும் அனுமதிச் சீட்டு ஆகாது. ஜோடியோடு போகும்போது கூடுதல் காப்பு, அவ்வளவே.

இரண்டாவது, ஆழம் குறைவென்றால் மூச்சை விட்டபடியே நீந்தி மேலே வந்துவிடலாமே என்பது. சரிதான். பத்து மீட்டருக்குள், தெளிந்த தண்ணீரில், எதிலும் சிக்காமல் இருந்தால் வரலாம். பயிற்சியிலும் கற்றுத் தருகிறார்கள். பயத்தில் மூச்சை அடக்கிக்கொண்டு ஏறினால் மட்டும் கதை வேறு. மேலே வர வர நுரையீரலில் இருக்கும் காற்று விரியும். ஒன்றிரண்டு மீட்டர் ஏற்றம்கூட நுரையீரலைக் கிழித்துக் காற்றுக் குமிழியை இரத்தத்துக்குள் தள்ளப் போதும். 18 மீட்டரைத் தாண்டினால் இந்த வழியை நம்பித் திட்டம் போடுவது சூதாட்டம். வலையில் கால் மாட்டியவருக்கோ இந்த வழியே கிடையாது.

மூன்றாவது ஆட்சேபம்தான் கனமானது. காற்று மட்டுமா கொல்கிறது? 2023 ஜூன் 18 அன்று டைட்டானிக் கப்பலைப் பார்க்கப் போன டைட்டன் கலத்திலும் 96 மணி நேரக் காற்று இருப்பதாகத்தான் சொன்னார்கள். உலகத் தொலைக்காட்சிகள் மணிக்கணக்கை எண்ணிக்கொண்டிருந்தன. கலம் நசுங்கி ஐவரும் முன்பே இறந்துபோயிருந்தார்கள். கலத்தின் கூடு பலவீனமாக இருந்தால் எத்தனை மணிக் காற்று இருந்தும் பயனில்லை. அதேபோல் நீருக்கடியில் மாரடைப்பு வந்தவருக்குப் போனி பாட்டில் எதுவும் செய்யாது. அங்கே விழித்திருக்கும் ஜோடி ஒருவரே உதவி. தனியாக மூழ்குபவர் கொடுக்கும் உண்மையான விலை இது, அதை மூடி மறைக்க வேண்டியதில்லை. இதய நோய், சர்க்கரை, வலிப்பு உள்ளவர்கள் தனி மூழ்கல் வகுப்புப் பக்கமே போகாமல் இருப்பது நல்லது. ஆனால் இந்த ஆட்சேபத்தால் ஜோடியின் மதிப்பு கூடுகிறதே தவிர, தனிக் காற்றின் மதிப்பு குறையவில்லை. ஜோடி நம்மைத் தூக்கிக்கொண்டு வரும்போது அவருக்கும் மேலே வரக் காற்று வேண்டுமல்லவா?

யாருக்கு முதலில்?

செலவு என்ற கடைசி ஆட்சேபம் எல்லோருக்கும் ஒரே கனத்தில் விழுவதில்லை. ஆயிரக்கணக்கில் செலவழித்துக் கடலுக்குள் படம் எடுத்துப் போடும் வாடிக்கையாளர், பயிற்றுநருக்கு ஒரு போனி பாட்டில் வாங்க நிலையத்துக்குச் சில நூறு கூடுதலாகக் கொடுத்தால் வருத்தப்பட மாட்டார். மத்திய சுற்றுலா அமைச்சகம் 2018-ல் வெளியிட்ட சாகசச் சுற்றுலா வழிகாட்டுதல்களில் ஸ்கூபாவும் இருக்கிறது; ஆனால் வழிகாட்டுதல் சட்டமாகாது. புதியவர்களை அழைத்துப்போகும் ஒவ்வொரு பயிற்றுநரிடமும் தனிக் காற்று இருக்க வேண்டும் என்ற ஒற்றை வரியை உரிம நிபந்தனையாக்கினால் கிழக்குக் கடற்கரைச் சாலையின் பாதி ஆபத்து குறையும் என்பது என் மதிப்பீடு.

தூத்துக்குடியில் நிலைமை வேறு. அங்கே சங்கு குளிப்பவர்களில் பலர் இன்று மூச்சடக்கி மூழ்குவதில்லை. படகில் கம்ப்ரசர் ஓடுகிறது. அதிலிருந்து நீளும் ரப்பர் குழாயை வாயில் கவ்விக்கொண்டு கடலடியில் நெடுநேரம் சங்கு பொறுக்குகிறார்கள். இன்ஜின் நின்றால் காற்று நிற்கும். குழாய் மடிந்தால் நிற்கும். இன்னொரு படகின் விசிறி அறுத்தால் நிற்கும். இன்ஜின் புகை காற்று இழுக்கும் வாய்க்குள் போனால் நிற்காது, ஆனால் அதில் கார்பன் மோனாக்சைடு வரும். எண்ணெய்த் துரப்பண மேடைகளில் இதே முறையில், மேலிருந்து குழாயில் காற்று வாங்கி வேலை செய்யும் தொழில்முறை மூழ்குநர்கள் முதுகில் பெயில்-அவுட் என்ற அவசரச் சிலிண்டர் இல்லாமல் இறங்கக் கூடாது என்பது பன்னாட்டு நடைமுறை. காற்று வாங்கும் முறை ஒன்று. ஒருவர் முதுகில் சிலிண்டர், இன்னொருவர் முதுகில் ஒன்றுமில்லை. காற்று நின்ற சங்குக்காரர் ஒரே பாய்ச்சலில் மேலே வருகிறார். நெடுநேரம் ஆழத்தில் இருந்த உடம்பு அப்படி வந்தால் இரத்தத்தில் கரைந்த நைட்ரஜன் குமிழியாகும். மூட்டு வலியில் தொடங்கி இடுப்புக்குக் கீழே உணர்விழப்பு வரை போகும். பிழைத்தவர் மறுபடி தொழிலுக்குப் போக முடியாமல் கிடப்பது சாவுக் கணக்கில் வராது.

மீன்பிடிப் படகுகளுக்கு டிரான்ஸ்பாண்டர் பொருத்தும் திட்டத்தை மத்திய அரசு 2024-ல் தொடங்கியது. மீனவர் செலவில்லாமல் அது படகில் ஏறியது. சங்கு குளிப்பவருக்கு மூன்று லிட்டர் சிலிண்டரும் ஒரு ரெகுலேட்டரும் அதே வழியில் ஏறலாம். சிக்கல் அதற்கடுத்த நாளில் தொடங்கும். படகில் இருக்கும் கம்ப்ரசர் தரும் அழுத்தத்தில் சிலிண்டரை நிரப்ப முடியாது. 200 பாருக்கு நிரப்ப வடிகட்டி உள்ள தனி உயர் அழுத்தக் கம்ப்ரசர் வேண்டும். சிலிண்டர்களைக் குறித்த காலத்துக்கு ஒருமுறை தண்ணீர் அழுத்தச் சோதனைக்கு அனுப்ப வேண்டும். அதற்கு மத்திய வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பின் விதிகள் இருக்கின்றன. தூத்துக்குடியின் திரேஸ்புரத்தில் ஒரு நிரப்பு நிலையம் அமைத்து, மீனவர் கூட்டுறவுச் சங்கத்தின் பொறுப்பில் விட்டு, ஒரு நிரப்புக்கு என்ன கட்டணம் என்று முதலிலேயே எழுதி ஒட்டிவிட்டால், சிலிண்டர் கொடுத்த ஆறாவது மாதத்தில் அவை வீட்டுத் திண்ணைக்கு அடியில் போய்ச் சேராது.